ஆர்குளோன்: கூகுள் டிரைவிலிருந்து வீட்டு வன்தட்டுக்கு

பத்து ஆண்டுகளாக நான் ஸ்கேன் செய்து வரும் பழைய சிற்றிதழ்ப் பக்கங்கள், அப்பாவின் கடிதங்கள், வீட்டுப் பத்திரங்கள் எல்லாமாகச் சேர்ந்து என் கூகுள் டிரைவில் ஏறத்தாழ 38,000 கோப்புகள் இருக்கின்றன; அளவு 180 ஜிபி. நான் பணம் கட்டுவது 200 ஜிபி திட்டத்துக்கு. இந்தக் கோப்புகள் அனைத்தும் என் மேசை இழுப்பறையில் கிடக்கும் வெளிப்புற வன்தட்டிலும் இருக்க வேண்டும், அதுவும் அதே கோப்புறை அடுக்கோடும் அதே பெயர்களோடும் ஒரு பைட் கூடப் பிசகாமல் இருக்க வேண்டும் என்பதே என் தேவை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலைக்கு வெவ்வேறு வழிகளை முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் ஆர்குளோன் என்னும் இலவச மென்பொருளிடம் வந்து சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்புரை இது.

மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், இருப்பதற்கு வீட்டில் எதற்கு இன்னொரு பிரதி என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து பற்றிய தீ, அந்நாட்டு அரசு ஊழியர்கள் தங்கள் பணிக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்னும் மேகச் சேமிப்பை முற்றிலும் அழித்துவிட்டது. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் அதற்கும் கூகுளுக்கும் தொடர்பில்லை. 858 டிபி அளவுள்ள அந்தத் தரவுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. ஓர் அரசாங்கத்துக்கே இதுதான் நிலை. ஆனாலும் என் போன்ற தனியாளுக்குத் தீயைவிட அருகில் இருக்கும் ஆபத்துகள் வேறு: கடவுச்சொல்லை இழப்பது, இரண்டு ஆண்டுகள் திறக்காமல் விட்ட கணக்கை நீக்கும் கூகுளின் விதிக்குள் அகப்படுவது, எல்லாவற்றுக்கும் மேலாக நம் கையாலேயே தவறாக அழித்துவிடுவது. மூன்றாவதை நானே செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நான் பார்த்தது கூகுளே தரும் டெஸ்க்டாப் செயலியை. அதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, கோப்புகள் மேகத்திலேயே இருக்க, நாம் திறக்கும்போது மட்டும் இறங்கி வருவது. மற்றொன்று, கணினியில் அப்படியே ஒரு நகல் வைத்துக்கொள்வது. இரண்டாவது முறை காப்புப் பிரதி போலத் தோன்றும். ஆனால் மேகத்தில் ஒரு கோப்பை அழித்தால் நகலிலும் அது போய்விடும். மேலும் கூகுள் டாக்ஸில் எழுதிய ஆவணங்கள் அங்கே உண்மையான கோப்புகளாக இறங்குவதில்லை. இணையத்தில் உள்ள ஆவணத்தைச் சுட்டும் சிறு இணைப்புக் கோப்பு மட்டுமே கணினியில் இருக்கும். கணக்கு இல்லாமற்போனால் அந்த இணைப்பு வெறும் பெயர்ப்பலகைதான். 2023 நவம்பரில் இந்தச் செயலியின் 84ஆம் பதிப்பைப் பயன்படுத்திய சிலருடைய கோப்புகள் காணாமற்போனதும், கூகுள் மீட்புக் கருவியோடு அடுத்த பதிப்பை வெளியிட்டதும் அப்போது செய்தியானவை. ஒத்திசைவுக்கு அது நல்ல செயலிதான். ஒத்திசைவு என்பது காப்புப் பிரதி அன்று, அவ்வளவே.

அடுத்தது டேக்அவுட். 2011இல் கூகுள் தொடங்கிய இந்தச் சேவை, கணக்கில் உள்ள அனைத்தையும் ஜிப் கோப்புகளாகக் கட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு ஜிப்பும் அதிகபட்சம் 50 ஜிபி வரை இருக்கலாம் என்பதால் என் டிரைவுக்கு நான்கு மூட்டைகள் போதும். மூட்டைகள் தயாரானதும் மின்னஞ்சல் வரும். ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் அறியாத ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து வைக்க இதைவிட எளிய வழி இல்லை. சிக்கல் என்னவென்றால், சென்ற முறை எடுத்ததற்குப் பிறகு பத்துக் கோப்புகள்தான் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன என்றாலும் 180 ஜிபியையும் மறுபடி இறக்கியாக வேண்டும். ஒரே கோப்புறையின் பாதிப் பக்கங்கள் முதல் மூட்டையிலும் மீதி மூன்றாவது மூட்டையிலும் கிடக்கலாம் என்பதால் எல்லாவற்றையும் பிரித்து ஒன்றுசேர்க்கும் வேலையும் நம்முடையது.

இனி ஆர்குளோன். லினக்ஸ் பழகியவர்களுக்கு ஆர்சிங்க் என்ற பழைய நகலெடுப்புக் கருவி தெரிந்திருக்கும்; அதைப் போன்ற ஒன்றை மேகச் சேமிப்புகளுக்காக நிக் கிரெய்க்-வுட் என்பவர் 2012இல் எழுதத் தொடங்கினார். கோ என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது, மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட சேவைகளோடு அதற்குப் பேசத் தெரியும். நம் கோப்புகள் வேறு எவருடைய சேவையகத்தின் வழியாகவும் போவதில்லை. கூகுளிடமிருந்து நேரே நம் கணினிக்கும், அங்கிருந்து வன்தட்டுக்கும் வருகின்றன. மேகத்திலிருந்து மேகத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் இணையச் சேவைகளிடம் கணக்கின் சாவியைக் கொடுக்கத் தயங்குபவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

குறை முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். இதற்குப் பொத்தான்கள் கொண்ட முகப்பு இல்லை. உலாவியில் திறக்கும் ஒரு முகப்பை இணைத்துக்கொள்ள முடியும் என்றாலும் அடிப்படையில் இது கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்கும் கருவி. எக்செல் தவிர வேறு எதையும் தொடாத என் மைத்துனருக்கு இதைக் கற்றுக்கொடுக்க முயன்று, பாதி வழியில் இருவருமே கைவிட்டோம். அவருக்கு டேக்அவுட்டே போதும் என்று முடிவாயிற்று. கட்டளை தட்டத் தயங்காதவர்களுக்கு மட்டுமே இந்த மதிப்புரையின் மீதிப் பகுதி பயன்படும்.

அமைப்பது ஒரு கேள்வி-பதில் உரையாடல் போல நடக்கும். எந்தச் சேவை, என்ன பெயர் சூட்டலாம், எந்த அளவு அனுமதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். இவற்றில் இரண்டு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். முதலாவது அனுமதி. பட்டியலில் முதலாவதாக இருப்பது முழு அனுமதி; இரண்டாவது, படிக்க மட்டும் அனுமதி. காப்புப் பிரதி எடுப்பதற்கு இரண்டாவதே போதும். அதைத் தேர்ந்துவிட்டால் நாம் எவ்வளவு தவறான கட்டளையைத் தட்டினாலும், மூலத்தையும் இலக்கையும் மாற்றிப் போட்டாலும்கூட, மேகத்தில் உள்ள கோப்பு ஒன்றையும் ஆர்குளோனால் அழிக்கவோ மாற்றவோ முடியாது. நான் பார்த்த பயிற்சிக் குறிப்புகளில் பெரும்பாலானவை முதல் எண்ணைத் தட்டச் சொல்லிவிட்டுக் கடந்து போகின்றன. அது எனக்கு உடன்பாடில்லை. கத்தியை உறையோடு வாங்க முடியும்போது எதற்கு உறையில்லாமல் வாங்குவது?

இரண்டாவது, கிளையன்ட் ஐடி. அதை வெறுமனே விட்டால் உலகெங்கும் உள்ள ஆர்குளோன் பயனர்கள் பகிர்ந்துகொள்ளும் பொது அடையாளத்தின் வழியாகத்தான் நம் வேண்டுகோள்களும் கூகுளுக்குப் போகும். அந்த வரிசையில் கூட்டம் அதிகம். நிரலாளர்களுக்கான கூகுள் கிளவுட் கன்சோல் என்னும் தளத்தில் நமக்கென்று ஓர் அடையாளத்தை இலவசமாக உருவாக்கிக்கொள்ளலாம். பக்கம் பக்கமாகப் படிவங்கள் வந்து கொஞ்சம் அலைக்கழிக்கும் என்றாலும் செய்துவிடுவது நல்லது. அங்கே ஒரு கண்ணியும் உண்டு: அந்த அடையாளத்துக்காக அங்கே பதிவு செய்யும் செயலியைச் சோதனை நிலையிலேயே விட்டுவிட்டால் ஏழு நாள்களில் அனுமதி காலாவதியாகிவிடும். அடுத்த மாதம் வன்தட்டை இணைத்துக் கட்டளையைத் தட்டும்போது பிழைச் செய்திதான் வரும். செயலியைப் பயன்பாட்டு நிலைக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

முதல் முறை நகலெடுப்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ்; அதாவது விநாடிக்கு 12.5 எம்பி. அந்தக் கணக்கில் 180 ஜிபி நான்கு மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை. காரணம் அளவில் இல்லை, எண்ணிக்கையில் இருந்தது. கூகுள் டிரைவ் விதிக்கும் வேகக் கட்டுப்பாட்டால் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு கோப்புகளைத்தான் மாற்ற முடிகிறது என்று ஆர்குளோனின் கையேடே சொல்கிறது. 38,000 கோப்புகளை இரண்டால் வகுத்தால் 19,000 விநாடிகள். ஐந்தே கால் மணி நேரத்துக்கு மேல். பெரிய காணொளிகள் நூறு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை தெரியவே தெரியாது. என்னைப் போல ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் படமாக வைத்திருப்பவருக்கு அதுவே உண்மையான எல்லை. நடுவே ஒரு முறை மின்சாரமும் போனதில் முதல் பிரதி முடிய இரண்டு இரவுகள் ஆயின.

மின்சாரம் போனது இக்கருவியின் பலத்தைக் காட்டியது என்றே சொல்ல வேண்டும். அதே கட்டளையை மறுபடி தட்டினேன். ஏற்கெனவே வந்து சேர்ந்த கோப்புகளை அளவையும் திருத்திய நேரத்தையும் வைத்து அடையாளம் கண்டு தாண்டிப்போய், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பாதியில் நின்ற கோப்பை மட்டும் அது முதலிலிருந்து எடுக்கும். ஒரே கோப்பின் நடுவிலிருந்து தொடரும் வசதி இல்லை. 3 எம்பி படத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. 40 ஜிபி காணொளி வைத்திருப்பவர் யூபிஎஸ் இருக்கும் அறையில் இந்த வேலையைச் செய்வது நல்லது. முதல் பிரதி முடிந்த பிறகு மாதாமாதம் ஓடுவது சில நிமிடங்கள்தான். புதிதாக வந்தவற்றையும் மாறியவற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும்.

கட்டளைகளில் நமக்கு வேண்டியவை மூன்று: காப்பி, சிங்க், செக். காப்பி என்பது மேகத்தில் இருப்பதை வன்தட்டில் சேர்க்கும். வன்தட்டில் ஏற்கெனவே இருக்கும் எதையும் நீக்காது. சிங்க் என்பது இரண்டையும் ஒன்றுபோல ஆக்கும். மேகத்தில் இல்லாதது வன்தட்டில் இருந்தால் வன்தட்டிலிருந்து அழித்துவிடும். இந்த வேறுபாட்டைப் படித்திருந்தும் நான் தவறினேன். டிரைவில் இடம் குறைந்து வந்ததால், வன்தட்டில்தான் பிரதி இருக்கிறதே என்ற தைரியத்தில் பழைய இதழ்கள் இருந்த ஒரு பெரிய கோப்புறையை டிரைவிலிருந்து நீக்கினேன். இரண்டு வாரம் கழித்து வழக்கமான காப்புப் பிரதி எடுக்கும் நாளில், முன்பு தட்டிய கட்டளைகளின் வரிசையில் முதலாவதாக நின்றதை மேல் அம்புக்குறியால் எடுத்துத் தட்டினேன். அது சிங்க். நான் தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் வன்தட்டிலிருந்த அந்தக் கோப்புறையும் போய்விட்டது. டிரைவின் குப்பைத் தொட்டியில் நீக்கியவை 30 நாள்கள் வரை இருக்கும் என்பதால் மட்டுமே அந்த இதழ்கள் திரும்பக் கிடைத்தன. அன்று பதினாறாம் நாள்.

இதில் மென்பொருளின் மேல் பழி போட முடியாது, சொன்னதைச் செய்தது. தடுக்கும் வழிகளையும் அதுவே வைத்திருக்கிறது. கட்டளையோடு டிரை-ரன் என்ற சொல்லைச் சேர்த்து ஓட்டினால் எதையும் செய்யாமல், என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் பட்டியலிட்டுக் காட்டும். இத்தனை கோப்புகளுக்கு மேல் அழிக்காதே என்று உச்சவரம்பு வைக்கலாம். எல்லாவற்றிலும் சிறந்தது பேக்கப்-டிர் என்ற வசதி: அழிக்கப்படவோ மேலெழுதப்படவோ இருக்கும் கோப்புகளை அழிக்காமல், அதே வன்தட்டில் நாம் சொல்லும் வேறொரு கோப்புறைக்கு நகர்த்தி வைக்கும். அந்தக் கோப்புறைக்கு அன்றைய தேதியைப் பெயராக வைத்து வருகிறேன். வன்தட்டில் இடம் இருக்கும் வரை, நான் எந்த மாதம் எதை மாற்றினேன் என்பதற்கு அதுவே சாட்சி. இருந்தாலும் என் பரிந்துரை, சாதாரணப் பயன்பாட்டுக்குக் காப்பியே போதும் என்பதுதான். வன்தட்டில் சில பழைய குப்பைகள் மிஞ்சுவதால் யாருக்கும் நட்டமில்லை.

செக் என்ற கட்டளைக்காகவே நான் ஆர்குளோனை விடாமல் வைத்திருக்கிறேன். டிரைவில் நாம் ஏற்றி வைத்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் கூகுள் எம்டி5 என்னும் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. செக் கட்டளை வன்தட்டிலிருக்கும் கோப்பை முழுவதும் படித்து அதே எண்ணைக் கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிடுகிறது. ஒரு பைட் மாறியிருந்தாலும் எண் மாறிவிடும். கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருக்க, உள்ளே பழுதாகிவிட்ட படங்களைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. மேகத்திலிருந்து எதையும் மறுபடி இறக்க வேண்டியதும் இல்லை. வன்தட்டை முழுதாகப் படிக்க வேண்டியிருப்பதால் மெதுவாகத்தான் நடக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். நான் பார்த்த வேறு இரண்டு வழிகளிலும், வந்து சேர்ந்தது சரியாக வந்து சேர்ந்ததா என்று கேட்பதற்கே இடமில்லை.

கைரேகை இல்லாத ஒரு வகையும் உண்டு. கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ், ஸ்லைட்ஸ் ஆவணங்கள் டிரைவில் சாதாரணக் கோப்புகளாக இல்லை. ஆர்குளோன் அவற்றை இறக்கும்போது வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் வடிவங்களுக்கு மாற்றித் தருகிறது. விரும்பினால் பிடிஎஃப் அல்லது ஓப்பன்டாக்குமென்ட் வடிவத்தையும் கேட்டுப் பெறலாம். இணைப்புக் கோப்பு மட்டுமே தரும் டெஸ்க்டாப் செயலியோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் இவ்வாறு மாற்றப்பட்ட ஆவணத்தை ஒப்பிட்டுச் சரிபார்க்க எண் கிடையாது. செக் கட்டளையின் முடிவில் இத்தனை கோப்புகளைச் சரிபார்க்க முடியவில்லை என்று தனியே ஒரு வரி வரும். மாற்றித் தரும் ஆவணம் 10 எம்பிக்கு மேல் போனால் கூகுள் மறுத்துவிடும் என்பதால், படங்கள் நிறைந்த நீண்ட ஆவணங்களை உலாவி வழியாகக் கையால் இறக்க வேண்டியிருந்தது. ஆவணத்தின் பழைய பதிப்புகளின் வரலாறும் கூட வராது.

கூகுள் போட்டோஸில் உள்ள படங்களுக்கு ஆர்குளோனை நம்பாதீர்கள். 2025 மார்ச் 31க்குப் பிறகு வெளிச் செயலிகள், தாங்களே ஏற்றிய படங்களை மட்டும்தான் போட்டோஸிலிருந்து எடுக்க முடியும் என்று கூகுள் விதியை மாற்றிவிட்டது. அதற்கு முன்பும் அந்த வழியில் வந்த படங்களில் எடுத்த இடத்தைப் பற்றிய குறிப்பு நீக்கப்பட்டே வந்தது. ஆகவே போட்டோஸுக்கு டேக்அவுட்தான். அதில் ஒவ்வொரு படத்தோடும் தேதி முதலிய விவரங்களைத் தாங்கிய ஜேசன் கோப்பு ஒன்று கூடவே வரும்; அதை வேண்டாத கோப்பு என்று நினைத்து அழித்துவிட வேண்டாம்.

தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்குச் சில செய்திகள் தனியே சொல்ல வேண்டியிருக்கின்றன. ஆங்கிலக் கையேடுகளில் இவை கண்ணில் படுவதில்லை. வன்தட்டுக்கு லினக்ஸ் தரும் இஎக்ஸ்டி4 என்னும் சேமிப்பு வடிவத்தில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட். 'கு' என்பதே ககரமும் உகரக் குறியும் சேர்ந்து ஆறு பைட் ஆகிவிடும். அதனால் ஆங்கிலத்தில் 255 எழுத்துகள் வரை போகும் பெயர், தமிழில் ஐம்பது எழுத்துகளைத் தாண்டும்போதே முட்டிக்கொள்ளலாம். இதழின் பெயர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர் என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே அடைத்திருந்த எனக்கு, லினக்ஸ் கணினியில் இரண்டாவது வன்தட்டை நிரப்பியபோதுதான் இது தெரிந்தது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவம் பைட்டுகளை எண்ணாமல் குறியீடுகளை எண்ணுவதால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை. இன்னொன்று, ஒகர ஓகாரக் கொம்புகள். 'கொ' என்பதைச் சில கணினிகள் ஒரே உயிர்க்குறியாகவும், சில கணினிகள் எகரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கின்றன. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு பெயர்கள். ஒப்பிடும்போது ஆர்குளோன் இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறது என்பதைப் பாராட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கதை இரண்டு முறை இறங்கியிருக்கும்.

பெயர் தொடர்பாக மேலும் ஒன்று: டிரைவில் ஒரே கோப்புறைக்குள் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியும், வன்தட்டில் முடியாது. ஆர்குளோன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வரியோடு நகர்ந்துவிடும். அதைச் சரிசெய்யத் தனிக் கட்டளை இருக்கிறது என்றாலும் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தவர்களுக்கு அது வேலை செய்யாது. நான் உலாவியில் போய்ப் பெயரை மாற்றிவிட்டு வந்தேன். பிறர் நம்மோடு பகிர்ந்த கோப்புகளும் தாமாக வருவதில்லை. அதற்கென்று உள்ள சொல்லைக் கட்டளையில் சேர்த்துத் தனியே ஒரு முறை ஓட்ட வேண்டும்.

வன்தட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கைக்கு அடக்கமான 1 டிபி தட்டு ஒன்று போதும். கணினியில் அது 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், எண்ணும் முறைதான் வேறு. ஃபேட்32 வடிவத்தில் இருக்கும் பழைய தட்டானால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதால் முதலில் வடிவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பத்திரங்களும் அடையாள அட்டைகளும் உள்ள தட்டு தொலைந்தால் என்னாகும் என்ற கவலை உள்ளவர்கள் அதை வெராகிரிப்ட் போன்ற குறியாக்க மென்பொருளால் பூட்டி வைக்கலாம். ஆர்குளோனின் அமைப்புக் கோப்பில் நம் கணக்குக்கான அனுமதிச் சீட்டு இருக்கிறது. அதற்கும் ஒரு கடவுச்சொல் வைக்கும் வசதி உண்டு, வைத்துவிடுங்கள்.

இப்போது என்னிடம் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஒன்று இழுப்பறையில், மற்றது வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டு அலமாரியில். நான் அங்கே போகும்போதெல்லாம் இரண்டையும் மாற்றிக்கொண்டு வருகிறேன். சென்ற முறை கொண்டுவந்த தட்டில் செக் ஓட்டியபோது இரண்டு கோப்புகள் இல்லை என்று வந்தது. இரண்டுமே நான் சுருக்க மறந்த நீண்ட தமிழ்ப் பெயர்கள். டிரைவில் பெயரைக் குறுக்கிவிட்டு மறுபடி காப்பி ஓட்டினேன். வேறுபாடு பூஜ்ஜியம் என்று வந்தது.